ஒரே கைப்பிடி நெல்லை இருபது தடவை அளந்த சிக்மா பாய்

காவிரித் தண்ணீர் பாய்கிற ஜில்லாக்கள் அத்தனையிலும், சராசரி என்ற சொல்லைக் கேட்டாலே ரத்தக் கொதிப்பு ஏறுகிற ஒரே மனிதர் எங்கள் சிக்மா பாய்தான். ஒரே மனிதர் என்று அடித்துச் சொல்கிறேன். இன்னொருவர் இருந்திருந்தால் பாய் அவரையும் தேடிப் பிடித்து, இரண்டு பேருக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் போட்டு எங்கள் உயிரை வாங்கியிருப்பார்.

நான் அப்போது தாராசுரம் தாண்டி ஒரு கிராமத்தில், நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்தேன். சீசன் வேலை. குறுவை அறுப்பு ஆரம்பித்தால் கூப்பிடுவார்கள், முடிந்தால் போகச் சொல்லிவிடுவார்கள். களத்துக்கு நேர் எதிரே பாயின் ஜெராக்ஸ் கடை. நெல் போட வருகிறவர்கள் சிட்டாவும் அடங்கலும் எடுத்து ஆன்லைனில் பதிவு போட வேண்டும் என்பதால் பாயைத் தாண்டாமல் யாரும் என்னிடம் வர முடியாது. நானும் டீ குடிக்கப் போனால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுவது அத்தனை சுலபமில்லை.

அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டுக்காரம்மாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டுமே தெரியும். வளைகுடாவில் ஒரு சிமெண்ட் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு லேபில் வருஷக்கணக்காக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு மூட்டை சிமெண்டுக்கும் அடுத்த மூட்டை சிமெண்டுக்கும் வலுவில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று பார்ப்பதுதான் அங்கே அவருக்கு வேலை. அந்த ஏற்ற இறக்கத்துக்குக் கணக்கில் சிக்மா என்று ஒரு எழுத்து உண்டாம். ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே அதை நூறு தடவை சொன்னார். இரண்டாவது வாரம் ஊர் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டது.

மற்றவர்கள் வளைகுடாவிலிருந்து போர்வையும் அத்தரும் டார்ச் லைட்டும் கொண்டுவந்தார்கள். பாய் கொண்டுவந்தது ஒரு பழைய லேப்டாப். அதற்குள் ‘ஆர்’ என்று ஒரு புள்ளியியல் மென்பொருள். பெயரே ஒற்றை எழுத்துதான். எண்களை வரிசையாகக் கமா போட்டு அடிப்பார். அந்த வரிசைக்கு ‘டீ’ என்றோ ‘பஸ்’ என்றோ ஒரு பெயர் வைப்பார். பிறகு ‘எஸ்டி’ என்று இரண்டே எழுத்து தட்டி, அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயரைப் போட்டு என்டரை ஓங்கி அடிப்பார். திட்ட விலக்கம் வந்து நிற்கும். பத்தாம் வகுப்பில் நான் கூட்டி, கழித்து, வர்க்கம் போட்டு, வர்க்கமூலம் எடுத்து, கடைசியில் தப்பாகப் போட்டு அடி வாங்கிய அதே திட்ட விலக்கம். கண் இமைப்பதற்குள் வந்துவிடுவதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

முதலில் மாட்டியவர் டீக்கடை மாஸ்டர். பாய் முப்பது நாள் ஸ்டீல் ஸ்கேலோடு போய், கிளாஸில் டீ எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டு வந்தார். முப்பத்தோராம் நாள் லேப்டாப்போடு போனார்.

“மாஸ்டர், உங்க டீ சராசரியா ஏழு சென்டிமீட்டர். நல்ல உசரம்.”

மாஸ்டருக்கு வாயெல்லாம் பல்.

“ஆனா ஒரு நாள் எட்டரை, ஒரு நாள் அஞ்சரை. விலக்கம் ஒண்ணைத் தொடுது. இந்த விலக்கத்துல சிமெண்ட் போட்டா கட்டடம் விழுந்துடும் மாஸ்டர்.”

“நான் டீதானே பாய் போடறேன்?”

“அதனாலதான் தப்பிச்சீங்க.”

மறுநாளிலிருந்து பாய்க்கு மட்டும் தினமும் சரியாக ஐந்தரை சென்டிமீட்டர் டீ வந்தது. பாய் கோபப்படவே இல்லை. “பாத்தியா, விலக்கம் சைபர். என்னமா திருந்திட்டார்!” என்று என்னிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். இந்த மனிதரை யாரால் என்ன செய்ய முடியும்?

அந்தக் கணக்கில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “முப்பது நாள் டீக்கு உங்க ஆர் ஏன் பாய் இருபத்தொம்பதால வகுக்குது? மிச்சம் ஒண்ணு எங்க போச்சு?” என்று கேட்டுவிட்டேன்.

“சராசரியைக் கண்டுபிடிச்சுக் கொடுத்ததுக்கு ஒண்ணு கமிஷனாப் போயிடுச்சுன்னு வச்சுக்க.”

“கணக்குலயுமா கமிஷன்?”

“ஒண்ணே ஒண்ணுதான். அதுக்கு மேல கேக்காது. கணக்கு கண்ணியமானது.”

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு அதை விளக்கியதில்லை. அதற்காக அவரைப் பாராட்டினால் இன்னும் ஒரு மணி நேரம் பேசுவார் என்று பயந்து பேசாமல் நழுவிவிட்டேன்.

அடுத்தது பஸ். காலை ஒன்பது பத்துக்கு வரவேண்டிய டவுன் பஸ் ஒரு நாள் எட்டு ஐம்பதுக்கே போய்விடும், ஒரு நாள் ஒன்பதரைக்கு ஆடி அசைந்து வரும். ஊரே சேர்ந்து மனுக் கொடுப்பது என்று முடிவானது. மனுவை டைப் அடிக்கிற வேலை பாயிடம் போனதுதான் வினை. ‘பஸ் தாமதமாக வருகிறது’ என்று எழுத மாட்டேன், அது பொய் என்றுவிட்டார். இரண்டு மாதம் எழுதிவைத்த நேரத்தையெல்லாம் இணைத்து, ‘சராசரியாகப் பார்த்தால் பேருந்து சரியாக 9.10க்கே வருகிறது, ஆனால் திட்ட விலக்கம் பதின்மூன்று நிமிடம்’ என்று எழுதி, கலர் பிரிண்டில் ஒரு வரைபடமும் வைத்து அனுப்பினார். பதில் வந்தது. பேருந்து சராசரியாகச் சரியான நேரத்துக்கே வருவதாக மனுதாரரே ஒப்புக்கொண்டிருப்பதால் மனு முடித்துவைக்கப்படுகிறதாம். பாய் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. ஊரும் அவரோடு பேசவில்லை, அது வேறு விஷயம்.

அவர் மச்சான் மகள் நிக்காஹ்வில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நாலு பேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. பாய் சாப்பிடாமல் ஒவ்வொரு தட்டிலும் கறித்துண்டை எண்ணிக்கொண்டு போனார். மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். பாய் கேட்டால்தானே! “கறி கூடின கால்வாசித் தட்டையும் குறைஞ்ச கால்வாசித் தட்டையும் விட்டுடுங்க. நடுப்பாதியில கறி ஒழுங்கா வந்திருக்கு. மாப்பிள்ளை தட்டும் கடைசிப் பந்தியும்தான் கணக்கைக் கெடுக்குது” என்று சம்பந்தி வீட்டுக்காரர் காதுபடவே தீர்ப்புச் சொன்னார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தது சம்பந்தி வீட்டுக்காரர்கள்.

அவர் வீட்டுக்காரம்மாவிடம் ஒரு தடவை, எப்படிம்மா சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். “உப்பு கூடினாலும் ஒண்ணும் சொல்லமாட்டார் தம்பி. நேத்திக்குக் கூடின அளவே இன்னிக்கும் கூடணும், அவ்வளவுதான்” என்றார் அந்தப் புண்ணியவதி.

இப்படிப்பட்ட ஆளிடம் ஈரப்பதம் பார்க்கிற மீட்டர் ஒன்று கிடைத்தால் விடுவாரா? அந்த வருஷம் குறுவைக்கு நிலையம் திறந்த அன்றே வந்துவிட்டார். மீட்டர் ஒரு டிபன் டப்பா அளவு இருக்கும். மேலே ஒரு கிண்ணம். அதில் கைப்பிடி நெல்லைப் போட்டால் எத்தனை சதவீதம் ஈரம் என்று காட்டும். பதினேழு வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம். மேலே போனால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். பாய் ஒரே கைப்பிடி நெல்லை இருபது தடவை போட்டுப் போட்டு எடுத்து, காட்டியதையெல்லாம் எழுதிக்கொண்டார். “ஒரே நெல்லை எதுக்குங்க திரும்பத் திரும்ப? உங்களுக்கு வேற வேலை இல்லையா?” என்று நான் எரிந்து விழுந்தேன். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

பத்து நாளில் ஆயுத பூஜை. தராசு, சாக்கு தைக்கிற மெஷின், தூற்றுகிற மெஷின் எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். ஊரே வந்து பொரி கடலை வாங்கிப்போனது. பாயும் வாங்கிக்கொண்டார். எல்லாம் அம்சமாக முடிந்தது.

பூஜைக்கு அடுத்த நாள் விடுமுறை. அதற்கு மறுநாள் கமலா அக்கா வந்தார். குத்தகைக்கு ஒன்றரை ஏக்கர் போட்டு, ஒற்றை ஆளாக நின்று விளைவித்தவர். களத்தில் குவித்தது எண்பது மூட்டைக்குக் கொஞ்சம் குறைவாக வரும். மீட்டரில் போட்டேன். பதினெட்டு புள்ளி ஒன்பது.

“காயவச்சுக் கொண்டாங்கக்கா.”

ரோட்டில் கொட்டி, பகல் முழுக்கக் காலால் கிளறிக் காயவைத்தார். மறுநாள் போட்டேன். பத்தொன்பது புள்ளி நாலு.

“ஏன் தம்பி, வெயில்ல காயப்போட்டா ஈரம் ஏறுமா? என் நெல்லு மேல மட்டும் சூரியன் தண்ணி ஊத்துதா?”

“நான் என்னக்கா பண்ண? மெஷின் காட்டுது.”

மெஷின் காட்டுது! அன்று நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. ஏனென்றால் அவருக்குப் பின்னால் நின்றவர் நெல், அறுத்து ஆறு மணி நேரம்கூட ஆகாத நெல், பதினாறு காட்டி ஜம்மென்று உள்ளே போயிற்று. கமலா அக்கா அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். திரும்பவும் ரோட்டுக்குப் போய்க் கிளற ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மூன்றாம் நாள் காலையில் கிழக்கே வானம் கறுத்துவிட்டது. மழை விழுந்தால் குவியல் அடியில் தண்ணீர் தங்கும். இரண்டு நாளில் நெல் முளைவிட்டுவிடும். முளைவிட்ட நெல்லை எந்த நிலையத்திலும் வாங்க மாட்டார்கள். ஒரு போகத்து உழைப்பு அத்தனையும் கோழித் தீவனம். கமலா அக்காவிடம் இருந்த தார்ப்பாய் பாதிக் குவியலுக்குத்தான் எட்டியது. நான் மறுபடியும் போட்டேன். பதினேழு புள்ளி எட்டு. இன்னொரு தரம் போட்டேன். பத்தொன்பது. கமலா அக்கா அப்படியே குவியலின் மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

சத்தம் கேட்டு பாய் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு லேப்டாப்போடு வந்தார்.

“கிளார்க்கு, இந்த ரெண்டு ரீடிங்கும் ஒரே நெல்லா?”

“ஆமா பாய்.”

“எந்திரி. அந்த மெஷினைக் குடு.”

ஒரு கைப்பிடி நெல்லை எடுத்தார். போட்டார், எழுதினார், கொட்டினார். அதே நெல்லைத் திரும்பப் போட்டார். கமலா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

“ஏன் பாய், மழை வருது. ஒரே நெல்லைப் போட்டு என்னத்த அளக்கறீங்க?”

“நெல்லை அளக்கலக்கா. மெஷினை அளக்கறேன்.”

இருபது எண்ணையும் அடித்து என்டரைத் தட்டினார். குறைந்தது பதினைந்து புள்ளி ஒன்று, கூடியது பத்தொன்பது புள்ளி ஆறு. அதே நெல்லுக்கு! திட்ட விலக்கம் ஒன்று புள்ளி நாலு. பிறகு திறப்பு நாளில் எழுதிய பழைய கோப்பைத் திறந்தார். அன்றைக்கு அதே மீட்டரின் விலக்கம் வெறும் புள்ளி இரண்டு.

“ஏழு மடங்கு குதிக்குது கிளார்க்கு. அன்னிக்கு நல்லா இருந்த மெஷின். நடுவுல இதை என்ன பண்ணினீங்க?”

“நாங்க என்ன பாய் பண்ணோம்? பத்திரமாத்தான் வச்சிருக்கோம். ஆயுத பூஜைக்குக்கூட...”

சொல்லும்போதே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. மீட்டரின் வெளிப்பக்கம் வழவழ பிளாஸ்டிக். சந்தனம் நிற்காமல் வழிந்துகொண்டே இருந்தது. பூஜை என்று வந்துவிட்டால் ஒரு சாமானை மட்டும் விட மனசு கேட்குமா? நெல் விழுகிற இடம்தானே இதற்கு நெற்றி என்று நினைத்து, கிண்ணத்துக்குள்ளே, அடியில், மூன்று விரலால் பட்டையாக இழுத்து நடுவில் குங்குமமும் வைத்தவன் நான்தான். கண்ணில் ஒற்றிக்கொண்டது வேறு. பாய் செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துக் காட்டினார். என் சந்தனம் அங்கே மழைக்காற்றின் ஈரத்தைக் குடித்துப் பாதி ஊறியும் பாதி வெடித்தும் கிடந்தது. நெல் விழுகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நகர்ந்து, வாய்க்கு வந்த எண்ணை மீட்டரைச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தது.

“அடப்பாவி! சந்தனம் பூசிக்கிட்டது உங்க மெஷினு, ஈரம் என் நெல்லுக்கா?” என்றார் கமலா அக்கா.

அந்த நேரம் பார்த்துத் தர ஆய்வாளரின் ஜீப் வந்து நின்றது. விஷயத்தைச் சொன்னோம். அவர் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார்.

“அதான் இருபது தடவை போட்டிருக்கீங்களே. சராசரி என்ன வருது?”

பாயின் முகம் சிவந்தது. “பதினேழு புள்ளி மூணு” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

“பதினேழுக்கு மேல. அப்புறம் என்னங்க? ரிஜெக்ட்தானே?”

பாய் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு பேசினார். “சார், சராசரி பாவம், நல்ல மனுஷன். யார் என்ன சொன்னாலும் நம்பிடுவார். மெஷின் உளறினா அந்த உளறலையும் சேத்துக் கூட்டி வகுத்துக் குடுத்துடுவார். சிதறல் எவ்வளவுன்னு கேட்டாத்தான் சார் உளறல் தெரியும். இந்த அம்மா மூணு நாளா ரோட்டுல கெடக்குது. பத்து நிமிஷம் குடுங்க சார்.”

ஆய்வாளர் வானத்தைப் பார்த்தார், கமலா அக்காவைப் பார்த்தார், தலையாட்டினார். பாய் கடைக்கு ஓடி, ஜெராக்ஸ் கண்ணாடி துடைக்கிற திரவமும் பஞ்சும் கொண்டுவந்தார். சந்தனத்தை நானே சுரண்டி எடுத்தேன். துடைத்துக் காயவைத்து, மறுபடியும் அதே நெல், மறுபடியும் இருபது தடவை. முதல் ஐந்துக்குள்ளேயே எனக்கு உயிர் வந்துவிட்டது. எல்லாம் பதினாறரையைச் சுற்றியே நின்றன. விலக்கம் பழையபடி புள்ளி இரண்டு. ஆய்வாளர் ஜீப்பிலிருந்து தன்னுடைய மீட்டரை எடுத்துவந்து போட்டுப் பார்த்தார். பதினாறு புள்ளி ஆறு.

“எடை போடுங்க” என்றார்.

அப்புறம் நடந்த ஓட்டத்தைச் சொல்ல முடியாது. சுமைதூக்குகிறவர்கள், டீ மாஸ்டர், கமலா அக்கா, நான் என்று எல்லோரும் அள்ளினோம், பிடித்தோம், தைத்தோம். பாதி மூட்டை உள்ளே போவதற்குள் தூறல் விழுந்துவிட்டது. பாய் எங்கே என்று பார்த்தால், தன் கடை முகப்பில் சாரலுக்குக் கட்டியிருந்த பெரிய ஃப்ளெக்ஸை அறுத்து இழுத்துக்கொண்டு வருகிறார். மிச்சக் குவியலை அதனால் மூடினோம். கடைசி மூட்டை ஷெட்டுக்குள் போகவும், மழை கொட்டவும் சரியாக இருந்தது. கமலா அக்கா மூட்டை அடுக்கில் சாய்ந்து நின்று, மழையைப் பார்த்துச் சிரித்தார். மூன்று நாளில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

ஆய்வாளர் ஷெட்டில் நின்றபடி பேனாவைத் திறந்தார். “ரிப்போர்ட் எழுதணும். மெஷினுக்குள்ள சந்தனம் வச்சது யாரு?”

என் பெயர் ஏறினால் அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டார்கள். கமலா அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“நான்தான் சார்” என்றார் பாய்.

ஆய்வாளர் அவருடைய தாடியையும் நனைந்த வெள்ளைத் தொப்பியையும் மேலும் கீழும் பார்த்தார். “நீங்களா? ஆயுத பூஜைக்கா?”

“எதிர்க்கடைங்க சார். பொரி கடலை குடுத்துக் கூப்பிட்டாங்க. ஒரு ஆசையில நானும் வச்சுட்டேன்.”

“கிண்ணத்துக்குள்ளயா?”

“எனக்கு உங்க வழக்கம் தெரியாதுங்களே சார்.”

ஆய்வாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ‘பொதுமக்களில் ஒருவர், அறியாமல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். பூஜை அன்று களத்துக்குள்ளேயே வராமல், தன் கடை வாசலில் நின்றபடி பொரியை வாங்கிக்கொண்டவர் அவர்.

“ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?”

“அஞ்சு சீசனா உன்னைப் பாக்கறேன். ஒரு நாள் தப்புப் பண்ணியிருக்க. ஒத்தைப் புள்ளி வெளிய போச்சுன்னு மொத்த வரிசையையும் தூக்கிப் போடுவாங்களா?” என்றவர், நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். “அதோட, நீ போயிட்டா புதுசா ஒருத்தனை அனுப்புவாங்க. அவன் எப்படிக் குதிப்பான்னு என்கிட்ட டேட்டா கிடையாது.”

அப்போதுதான் அவருக்குத் தன் கடை ஞாபகம் வந்தது. கதவு திறந்து கிடக்கிறது, முகப்பில் ஃப்ளெக்ஸ் இல்லை, சாரல் நேரே ஜெராக்ஸ் மெஷின் மேல் அடித்துக்கொண்டிருக்கும். “யா அல்லா!” என்று லேப்டாப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கொட்டுகிற மழையில் இறங்கி ஓடினார். எனக்கு ஒன்றும் யோசிக்கத் தோன்றவில்லை. கையில் கிடைத்த காலிச் சாக்கை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தபடி நானும் கூடவே ஓடினேன். அந்த மனுஷன் நனையக் கூடாது.